பௌர்ணமிக்கு மறுநாள்

திருவண்ணாமலையில் பௌர்ணமி எப்போது என்று பஸ் டிப்போவுக்குத் தெரியும். ரயில்வேக்குத் தெரியும், காவல்துறைக்குத் தெரியும், பூ கட்டுகிறவருக்கும் இளநீர் வெட்டுகிறவருக்கும் தெரியும். ராஜகோபுரத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டு, எட்டு லிங்கங்களையும் வணங்கியபடி 14 கிலோமீட்டர் நடந்து, விடிவதற்குள் கூட்டம் ஊர் திரும்பத் தொடங்கிவிடும். குப்பை வண்டி வரும், சாலை பெருக்கப்படும், காலைச் செய்தித்தாளில் லட்சக்கணக்கான பக்தர்கள் கிரிவலம் என்று படம் வரும். அந்த லட்சக்கணக்கானவர்கள் லாட்ஜில் குளித்த தண்ணீரும், அன்னதானப் பந்தலில் கை கழுவிய தண்ணீரும், கழிப்பறையில் ஊற்றிய தண்ணீரும் எங்கே போயின என்று எந்தச் செய்தியும் கேட்பதில்லை.

அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் ஒருவர் ஷிப்டில் இருக்கிறார். பெரும்பாலும் இருபதுகளில் இருப்பார். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ முடித்தவர், அல்லது பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு வேலை தேடியவர். மாநகராட்சியின் ஊழியர் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. காண்ட்ராக்ட் எடுத்த நிறுவனத்தின் பட்டியலில் இருக்கும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர் என்பது பதவியின் முழுப்பெயர். உள்ளே இருப்பவர்கள் 'எஸ்.டி.பி. ஆபரேட்டர்' என்பார்கள். பெண் பார்க்கப் போகும் வீட்டில் 'தண்ணி போர்டுல வேலை' என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவதும் உண்டு.

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. ஒரு கோயில் நகரத்தின் சுத்தம் அவருடைய கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணுக்கும் மூக்குக்கும் பயிற்சி கொடுக்கும் கடமை யாருக்கு என்று நாம் இன்னும் முடிவு செய்யவில்லை.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை நகரத்தின் மக்கள்தொகை சுமார் 1,45,000. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளொன்றுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் தர வேண்டும் என்கிறது மத்திய அரசின் கையேடு. அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் எடுத்துக்கொள்ளும் கணக்கு. பெருக்கிப் பார்த்தால் நாளொன்றுக்கு ஒன்றரைக் கோடி லிட்டருக்கு மேல் வருகிறது. இது உள்ளூர்க்காரர்களின் கணக்கு மட்டும். ஒரு பௌர்ணமிக்கு ஐந்து லட்சம் பேர் வருகிறார்கள், ஆளுக்குப் பத்தே பத்து லிட்டர் செலவழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ராத்திரியில் இன்னும் 50 லட்சம் லிட்டர் சேர்ந்துவிடும். சாத்தனூர் அணையிலிருந்து குழாய் போட்டு இந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருகிறோம். வந்த தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்ற கேள்வி, அதைக் கொண்டுவந்த பெருமையில் அமுங்கிப்போகிறது.

2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்கால் போன்ற சுற்றுப்புற ஊராட்சிகளும் அதோடு சேர்ந்தன. பாதாளச் சாக்கடைக் குழாய் எல்லா வீட்டு வாசலுக்கும் வரவில்லை. குழாய் இல்லாத வீடுகளிலும் லாட்ஜுகளிலும் செப்டிக் டேங்க்தான். அதை உறிஞ்ச லாரிதான். அந்த லாரி ஏரிக்கரையில் கொட்டுகிறதா, சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டுகிறதா என்பது ஊரின் ஆரோக்கியத்தைத் தீர்மானிக்கிற விஷயம். ஊரைச் சுற்றியிருக்கும் ஓடைகளில் விழுவது ஏரிக்குப் போகும். அல்லது துரிஞ்சலாற்றுக்குப் போய் அதன் வழியே தென்பெண்ணைக்குப் போகும். கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஊர்கள் இருக்கின்றன, அதில் நெல் நடுகிற வயல்கள் இருக்கின்றன.

முதல் வேலை: கம்பி வலை

புதிதாகச் சேருகிறவரை யாரும் நேராக பேனல் போர்டு முன்னால் உட்கார வைப்பதில்லை. கழிவுநீர் உள்ளே நுழையும் வாயிலில் ஒரு கம்பி வலை இருக்கும். அங்கேதான் தொடக்கம். துணி, பிளாஸ்டிக் கவர், நாப்கின், தலைமுடிச் சுருள், ஷாம்பு சாஷே எல்லாம் அங்கே வந்து சிக்கும். திருவிழாக் காலத்தில் இவற்றோடு பூமாலை நார், பேப்பர் கப், வாழையிலைத் துண்டு. வலை அடைத்தால் பின்னால் தண்ணீர் ஏறும். ஏறினால் தெருவில் மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். பெரிய நிலையங்களில் இந்த வலையை இயந்திரமே வாரிவிடும். சிறியவற்றில் நீளக் கைப்பிடி போட்ட வாரியை வைத்துக்கொண்டு ஆள் நிற்க வேண்டும்.

வலையைத் தாண்டினால் மணல் படியும் தொட்டி. அந்த மணல் மோட்டாருக்குள் போனால் இம்பெல்லரைத் தின்றுவிடும். அதன்பிறகு நாம் பார்க்க வேண்டிய இடம் வருகிறது. காற்றூட்டும் தொட்டி, ஆபரேட்டர்களின் பேச்சில் 'ஏரேஷன் டேங்க்'.

கழிவுநீரை யாரும் மருந்து போட்டுச் சுத்தம் செய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதிலுள்ள அழுக்கைத் தின்று தீர்க்கின்றன. அவை மூச்சு விட ஆக்சிஜன் வேண்டும் என்பதற்காகத்தான் புளோயர் இரவும் பகலும் ஓடுகிறது. இத்தகைய நிலையத்தின் மின்சாரச் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போகும். தின்று கொழுத்த உயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பஞ்சுப் பஞ்சாகத் திரளும். அடுத்த தொட்டியில் காற்றை நிறுத்தி அமைதியாக விட்டால் அவை கீழே படியும்; மேலே தெளிந்த நீர் நிற்கும். தெளிந்ததை வெளியே விட வேண்டும். படிந்த சேறுதான் 'ஸ்லட்ஜ்'. அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடியும் முதல் தொட்டிக்கே அனுப்ப வேண்டும். தயிருக்கு உறைமோர் எடுத்து வைக்கிற மாதிரிதான் இது. அந்தப் பங்கு போகவில்லையென்றால் நாளை வருகிற கழிவுநீரைத் தின்ன ஆள் இருக்காது.

இந்த முறை உலகத்துக்கு வந்த வழியில் தென்னிந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கில்பர்ட் ஃபௌலர் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1912-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் நகர ஆய்வுநிலையத்தில், காற்று ஊதி வைத்த கழிவுநீர் தெளிந்து நிற்பதைப் பார்த்தார். மான்செஸ்டர் திரும்பியதும் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவரிடம் இதைச் சொன்னார். படிந்த சேற்றைக் கொட்டிவிடாமல் அடுத்த முறைக்கும் வைத்துக்கொண்டால் வேலை பல மடங்கு வேகமாக நடக்கிறது என்று அவர்கள் 1914-இல் அறிவித்தார்கள். நூறாண்டு கடந்தும் உலகத்தின் பெருநகரங்கள் அந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கின்றன. ஃபௌலர் 1916-இல் பெங்களூர் வந்து இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார். அண்ணாமலையார் கோயிலிலிருந்து ஒரு பகல் பயணத் தூரத்தில், அந்தத் தொழில்நுட்பத்துக்கு வித்திட்டவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரத்தில் தெரியும் உண்மை

இந்த வேலையின் முதல் சோதனை மிக எளிமையானது. ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் ஏரேஷன் டேங்க் தண்ணீரை மொண்டு மேஜையில் வைக்க வேண்டும். அரை மணி நேரம் கையை வைக்கக் கூடாது. பிறகு சேறு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து லாக் புக்கில் எழுத வேண்டும். 250, 300 மில்லி என்றால் நிம்மதி. 700, 800-இல் சேறு தொங்கிக்கொண்டு நின்றால் உள்ளே ஏதோ கெட்டுவிட்டது. நூல் மாதிரி நீளும் ஒரு வகை உயிர் பெருகியிருக்கலாம். அந்தச் சேறு கீழே இறங்காது. நல்ல தண்ணீரோடு சேர்ந்து வெளியே போய்விடும்.

குடுவை சொல்வதற்கு முன்னாலேயே கண்ணும் மூக்கும் சொல்லிவிடும். நன்றாக இருக்கும் தொட்டி பழுப்பாக இருக்கும். ஈர மண் வாசனை அடிக்கும். இங்கே நாற்றம் அடித்தே தீரும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஒழுங்காக ஓடும் நிலையத்தின் ஏரேஷன் டேங்க் நாறாது. கறுப்பாகிவிட்டது, அழுகிய முட்டை வாடை வருகிறது என்றால் ஆக்சிஜன் போதவில்லை. வெள்ளை நுரை பொங்கினால் ஸ்லட்ஜ் இன்னும் வளரவில்லை, அல்லது சோப்பு அதிகம் வந்திருக்கிறது. கெட்டியான பழுப்பு நுரை ஏடு மாதிரி மிதந்தால் எண்ணெய் வந்திருக்கிறது.

'அண்ணா, நுரை ஏறுது' என்று புதுப் பையன் சொன்னால், அனுபவசாலி கேட்கும் முதல் கேள்வி 'என்ன கலர்ல?' என்பதாக இருக்கும். எந்தப் பாடப்புத்தகத்துக்கும் குறையாத அறிவு அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

நுண்ணோக்கி இருக்கும் நிலையத்தில் வேலை கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துப் பார்த்தால் காம்பில் பூத்த மணி போல வார்ட்டிசெல்லா என்ற உயிர்கள் ஆடிக்கொண்டிருக்கும். சக்கரம் சுழற்றுவது போல வாயசைக்கும் ரோட்டிஃபர்கள் நீந்தும். இவை இருந்தால் தொட்டி ஆரோக்கியமாக இருக்கிறது. இவை காணாமல் போனால் யாரோ மேலே ஆசிட்டையோ பினாயிலையோ கொட்டியிருக்கிறார்கள். ஊர் முழுக்கக் கழிப்பறைகளைத் திருவிழாவுக்காகக் கழுவித் தள்ளும் நாட்களில் இது நடக்கும். நாம் சுத்தம் என்று நினைத்து ஊற்றுவது, நமக்காகச் சுத்தம் செய்கிற உயிர்களைக் கொல்கிறது.

வெளியே விடும் நீருக்கு எண்கள் உண்டு. வீட்டுக் கழிவுநீர் வரும்போது அதன் பி.ஓ.டி., அதாவது அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2017 அறிவிக்கை, பெருநகரங்கள் அல்லாத ஊர்களுக்கு அதை 30-க்குள் கொண்டுவரச் சொன்னது. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10 என்று இறுக்கியது. பி.ஓ.டி. சோதனையின் முடிவு வர நாட்கள் ஆகும். அதுவரை தொட்டியைக் காப்பாற்றுவது ஆபரேட்டரின் அந்த அரை மணி நேரக் குடுவைதான்.

தீபமும் அடைமழையும்

கார்த்திகை தீபம் நவம்பர், டிசம்பரில் வரும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். சுத்திகரிப்பு நிலையத்துக்கு இதைவிடச் சோதனையான பொருத்தம் கிடையாது.

மழைநீரும் கழிவுநீரும் தனித்தனிக் குழாயில் போக வேண்டும் என்பது விதி. நடைமுறையில் மொட்டை மாடித் தண்ணீரைச் சாக்கடை இணைப்பில் விடுகிற வீடுகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. மேன்ஹோல் மூடி வழியாகவும் மழை இறங்கும். ஆக, பத்து நாள் உற்சவத்தின் கூட்டமும் மழையும் ஒரே சம்ப்பில் வந்து விழுகின்றன. 2024-ஐ நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் டிசம்பர் 1 அன்று மலையின் மண்ணும் பாறையும் வ.உ.சி. நகரில் சரிந்து ஏழு உயிர்களைக் கொண்டுபோயின. டிசம்பர் 13-இல் மகாதீபம். மழை நனைத்த மலையையும் திரண்டு வந்த கூட்டத்தையும் பற்றி நிறைய எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். பூமிக்கடியில் அந்தப் பன்னிரண்டு நாட்கள் எப்படிக் கழிந்தன என்று யாரும் எழுதவில்லை.

அளவுக்கு மேல் தண்ணீர் வந்தால் என்ன ஆகும்? தொட்டி நிரம்பி வழிவது சின்ன ஆபத்து. பெரிய ஆபத்து வேறு. வேகமாக வரும் தண்ணீர், படிய நேரமில்லாத ஸ்லட்ஜை அடித்துக்கொண்டு போய்விடும். வாரக்கணக்கில் வளர்த்த உயிர்கள் சில மணி நேரத்தில் ஓடைக்குப் போய்விடும். மழை விட்டு, கூட்டம் கலைந்து, வெயில் அடித்த பிறகும் தொட்டி வேலை செய்யாது. மறுபடி வளர்த்தெடுக்க நாட்கள் ஆகும், சமயத்தில் வாரங்கள் ஆகும். எனவே திருவிழாவுக்கு ஆயத்தமாவது என்றால் முன்கூட்டியே சில வேலைகள் செய்ய வேண்டும். தேங்கிய பழைய சேற்றை வெளியேற்றி இடம் வைத்திருக்க வேண்டும். ஸ்டாண்ட்-பை மோட்டாரை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூட்டம் உச்சத்தில் இருக்கும் ராத்திரியில் தண்ணீரை அளவாக உள்ளே விட, சேமிப்புத் தொட்டியைக் காலி செய்து வைத்திருக்க வேண்டும். இவை அனைத்தும் அனுபவத்தில் வரும் தீர்மானங்கள். அனுபவம் உள்ளவர் அந்த ஷிப்டில் இருக்க வேண்டும்.

கிரிவலப் பாதையில் நிற்கும் தற்காலிகக் கழிப்பறைகளின் தொட்டியையும் லாரிதான் காலி செய்யும். அந்தக் கழிவு, குழாயில் வரும் சாக்கடையைப் போலப் பல மடங்கு அடர்த்தியானது. நான்கு லாரி ஒரே நேரத்தில் வந்து கொட்டினால் தொட்டியிலுள்ள ஆக்சிஜன் முழுவதும் இழுக்கப்பட்டுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். 'பத்து நிமிஷம் இருங்கண்ணா, ஒவ்வொண்ணா விடுங்க' என்று லாரி டிரைவரிடம் சொல்லும் தைரியம், காண்ட்ராக்டில் சேர்ந்து மூன்று மாதம் ஆன பையனுக்கு வர வேண்டும். சொன்னால் கேட்க வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவும் இருக்க வேண்டும்.

தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலம் என்று சொல்ல மாட்டேன். செப்டிக் டேங்க் கழிவை என்ன செய்வது என்று 2014-லேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்ட மாநிலம் இது. மதுராந்தகத்துக்கு அருகே கருங்குழி பேரூராட்சியில் 2017-இல், லாரிக் கழிவுக்கென்றே தனிச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு நிலையங்களில் கழிவுநீரை மூன்றாம் கட்டமாகவும் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். 2019-இல் தொடங்கிய அந்தத் திட்டங்கள் ஒவ்வொன்றும் நாளுக்கு நாலரைக் கோடி லிட்டர் திறன் கொண்டவை. கட்டுவதற்கு நமக்குத் தெரிகிறது. கட்டியதை ஓட்டுகிறவரை வளர்ப்பதில்தான் அக்கறை குறைகிறது.

இறங்கக் கூடாத இடம்

சேர்ந்த அன்றைக்கே இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பல இடங்களில் ஒரு மரணத்துக்குப் பிறகுதான் சொல்லுகிறார்கள்.

கழிவுநீர் தேங்கிய மூடிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும். மிகக் குறைந்த அளவில் அது அழுகிய முட்டை போல நாறும். பத்து லட்சத்துக்கு நூறு பங்கு அளவைத் தொட்டால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். காற்று நல்லாத்தான் இருக்கு என்று இறங்குகிறவர் அங்கேதான் ஏமாறுகிறார். எழுநூறு, ஆயிரம் என்று ஏறினால் ஓரிரு மூச்சில் ஆள் சுருண்டு விழுவார். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியில் படிந்து நிற்கும். குனிந்து தூக்கப் போகிறவரையும் பிடித்துக்கொள்ளும். 'விஷவாயு தாக்கி மூவர் பலி' என்ற செய்தியில் முதலாமவர் வேலைக்கு இறங்கியவர். மற்ற இருவர் பெரும்பாலும் அவரைக் காப்பாற்ற இறங்கியவர்கள். அண்ணன் தம்பியாக, அப்பா மகனாக இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

1993 முதல் இப்படி இறந்தவர்கள் பற்றி நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தரும் கணக்கில் தமிழ்நாட்டின் எண்ணிக்கை நாட்டிலேயே அதிகம். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013 சட்டம், பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது: முதல் முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. சாதியின் பெயரால் ஒரு பிரிவு மக்களின் தலையில் கட்டப்பட்ட வேலை இது. பேனல் போர்டு அறைக்குள் ஒரு சாதியும், வலையை வாரும் இடத்தில் இன்னொரு சாதியும் நிற்கிற நிலையத்தில் இயந்திரம் எவ்வளவு புதிதாக இருந்தாலும் எனக்கு அது பழைய நிலையம்தான். ஆபரேட்டர் பயிற்சி எல்லோருக்கும் என்றால், வலையில் நிற்கிறவருக்கும் பேனல் போர்டு சொல்லித்தரப்பட வேண்டும்.

ஆபத்து வாயு மட்டுமல்ல என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1989 வரை திருவண்ணாமலையும் ராணிப்பேட்டையும் ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தவை. 2015 ஜனவரி 31 அன்று நள்ளிரவு கடந்த நேரத்தில் ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். சேற்றை உரிய காலத்தில் உலர்த்தி வெளியேற்றுவது, தொட்டியின் மட்டத்தைக் குறித்து வைப்பது, சுவரில் கசிவு தெரிந்தால் கத்திச் சொல்வது எல்லாம் ஷிப்டில் இருப்பவரின் அன்றாட வேலையைச் சேர்ந்தவை. அன்றாட வேலை தவறும்போது அது யார் மேல் இடிந்து விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த வேலைக்குப் போக நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நியமன உத்தரவை எழுத்தில் கேளுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்ணைக் கேளுங்கள். டெட்டனஸ், டைஃபாய்டு, மஞ்சள் காமாலைத் தடுப்பூசிகள் போட்டுவிடுகிறார்களா என்று கேளுங்கள். எலிக்காய்ச்சலும் இங்கே தொற்றும், காலில் சிறு வெட்டுக் காயம் இருந்தாலும் பூட்ஸ் இல்லாமல் நிற்காதீர்கள். வாயு அளக்கும் கருவி எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். 'சும்மா அஞ்சு நிமிஷம் இறங்கிட்டு வா' என்று யார் சொன்னாலும், சூப்பர்வைசரே சொன்னாலும், இறங்க மாட்டேன் என்று சொல்ல உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது.

பாய்லருக்கு உண்டு, இதற்கு இல்லை

ஒரு ஆலையில் பாய்லர் ஓட்ட வேண்டுமென்றால் அரசுச் சான்றிதழ் பெற்ற அட்டெண்டன்ட் வேண்டும். 1923-ஆம் ஆண்டு பாய்லர் சட்டம் வந்த காலத்திலிருந்து உருவான ஏற்பாடு இது; தேர்வு எழுத வேண்டும், இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என்று ஏற வேண்டும். வீட்டுக்கு வயரிங் செய்யவும் உரிமம் உண்டு. ஒரு நகரமே வெளியேற்றும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தை ஓட்டுகிறவருக்கு அப்படி ஒரு கட்டாயத் தேர்வு நம் நாட்டில் இல்லை. கழிவுநீரை வெளியேவிட 1974-ஆம் ஆண்டு தண்ணீர்ச் சட்டப்படி நிறுவனம் அனுமதி வாங்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாதிரி எடுத்துச் சோதிக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு வால்வைத் திருப்புகிறவர் எதைப் படித்தவர் என்பதை எந்தச் சட்டமும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் மாநிலந்தோறும் இதற்கு உரிமம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பயிற்சி ஆபரேட்டர் சான்றிதழில் தொடங்கி, முதல் கிரேடிலிருந்து ஐந்தாம் கிரேடு வரை ஏறலாம். ஒவ்வொரு படிக்கும் தேர்வும் பணி அனுபவமும் வேண்டும். பெரிய நிலையத்தை உயர்ந்த கிரேடு வாங்கியவர்தான் நிர்வகிக்க முடியும். சுத்திகரித்த கழிவுநீரை மேலும் வடித்து 2003-இலிருந்து 'நியூவாட்டர்' என்று வழங்குகிற சிங்கப்பூரில் இது மதிப்புள்ள தொழில். வளைகுடா நாடுகளின் நிலையங்களில் தமிழ்நாட்டு ஆபரேட்டர்களும் வேலை பார்க்கிறார்கள். ஊரில் சொல்லக் கூச்சப்பட்ட அதே வேலை, பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்ததும் பெருமையாகிவிடுகிறது.

சான்றிதழ் இருந்தால் என்ன மாறும்? லாக் புக் மாறும். சொல்லித்தரப்படாத பையன் நேற்றைய எண்ணையே இன்றைக்கும் எழுதுவான். ஏன் எழுதுகிறோம் என்று அவனுக்குத் தெரியாது, யாரும் படிப்பதில்லை என்று மட்டும் தெரியும். ஆக்சிஜன் அளவு இரண்டுக்குக் கீழே போனால் புளோயரைக் கூட்ட வேண்டும், கூட்டினால் கரண்ட் பில் ஏறும், ஏறினால் மேலே கேள்வி வரும் என்ற இழுபறியில், சான்றிதழ் உள்ளவர் 'சார், இது என் லைசென்ஸ்' என்று நின்று பேச முடியும். காண்ட்ராக்ட் மாறினாலும் அனுபவம் அவரோடு வரும். இன்று நிறுவனம் மாறினால் சம்பளமும் மாறுகிறது, ஆளும் மாறுகிறார். தொட்டியின் குணம் தெரிந்தவர் போய்விடுகிறார், தெரியாதவர் வருகிறார். திருவண்ணாமலையிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. ஓராண்டுப் பாடமாக இதை அங்கே வைக்கலாம். வேதியியல் படித்த பெண்கள் ஆய்வகத்துக்கும் ஷிப்ட் பொறுப்புக்கும் தாராளமாக வரலாம். வருகிறவர்களுக்கு ஒரு கழிப்பறையும் பூட்டுப் போட்ட உடைமாற்றும் அறையும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தீபத் திருவிழாவுக்கு முன்னால் ஒவ்வோர் ஆண்டும் ஆட்சியர் தலைமையில் ஆயத்தக் கூட்டங்கள் நடக்கின்றன. எத்தனை சிறப்புப் பேருந்து, எத்தனை போலீஸ், எங்கே தற்காலிக பஸ் நிலையம், எங்கே கழிப்பறை, யாருக்கு அன்னதான அனுமதி என்று துறைவாரியாகப் பேசுகிறார்கள். அன்னதான எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது என்பதை உணவுப் பாதுகாப்புத் துறை அந்த அனுமதிச் சீட்டிலேயே ஒரு வரியாகச் சேர்க்கலாம். கழிப்பறைகளைக் கழுவ ஆசிட் வேண்டாம் என்று காண்ட்ராக்ட் எடுப்பவரிடம் எழுதி வாங்கலாம். லாரிகள் எந்த மணிக்கு வந்து கொட்ட வேண்டும் என்று நேரம் குறிக்கலாம். அந்த மேஜையில் சுத்திகரிப்பு நிலையத்தின் ஷிப்ட் ஆபரேட்டர் ஒருவருக்கும் நாற்காலி போட்டு, போன வருஷம் பரணி தீபத்தன்று விடியற்காலை நான்கு மணிக்கு சம்ப்பில் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது, எத்தனை மோட்டார் ஓடியது, எது நின்றுபோனது, இந்த வருஷம் என்ன வேண்டும் என்று அவரிடம் கேட்கலாம்.